இருபத்து நான்கு அடி

2019 ஜூன் மாதத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க முடிந்தது. கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த மண். கட்டி கட்டியாகப் பிளந்த அந்த மண்ணின் விளிம்புகள், பொரித்த அப்பளம் போல மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. பள்ளமான இடங்களில் மட்டும் பச்சை நிறத்தில் கொஞ்சம் சேற்று நீர். மதகையொட்டி நீர்மட்டத்தை அளக்க நட்ட அளவுகோலின் உச்சியில் 24 என்ற எண். அது அடிக்கணக்கு. அந்த எண் வரை தண்ணீர் ஏறினால் ஏரி நிறைந்தது என்று பொருள். அன்று அளவுகோல் வெறும் தரையில் நட்ட கம்பமாக நின்றது.

அதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பு, 2015 டிசம்பர் 1ஆம் தேதி, இதே இடத்தில் 24 மணி நேரத்தில் 475 மில்லிமீட்டர் மழை கொட்டியது. லண்டன் மாநகரில் ஓராண்டு முழுவதும் பெய்வதே சுமார் 600 மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகள் மூழ்கின. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் பாய்ந்த நீர், சென்னைக்கு மூன்றரை நாள் குடிநீர்.

ஒரே ஏரி முதலில் ஊரை மூழ்கடித்தது, பிறகு ஊரைத் தவிக்கவிட்டது. 2015இல் பேய்மழை, 2018இல் மழையே இல்லை என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் மழைக்கணக்கு பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதி, அந்த ஏரியின் வடிவத்திலும் நாம் அதன் தலையில் கட்டிய வேலையிலும் இருக்கிறது.

தட்டும் சொம்பும்

ஏரி என்ற சொல்லைத் தமிழில் இயற்கை நீர்நிலைகளுக்கும் பயன்படுத்துகிறோம். ஆனால் வடதமிழகத்துக் கிராமத்தில் ஒருவர் ஏரி என்று சொன்னால் அது மனிதர் கட்டிய கரையைக் குறிக்கும். தெற்கே போனால் அதுவே கண்மாய். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. இங்கே ஆழமான பள்ளத்தாக்குகள் கிடையாது. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினால், மழைநீர் அதில் சாய்ந்து நிற்கும். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஏரிகள் தமிழ்நாட்டில் 39,000க்கும் மேல். சென்னைக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் செம்பரம்பாக்கம் அவற்றில் பெரிய ஒன்று.

அதன் பரப்பு 6,303 ஏக்கர், அதாவது சுமார் 25 சதுர கிலோமீட்டர். கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. கொள்ளளவைப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் சராசரி ஆழம் சுமார் 13 அடிதான் வருகிறது. அளவுகோல் காட்டும் 24 அடி, கரையோர மதகருகே உள்ள ஆழம். எதிர்ப்பக்கம் போகப்போக முழங்கால் அளவாகி, பிறகு ஈரமண்ணாகி, ஏரி எங்கே முடிகிறது வயல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் கரைந்துவிடும்.

ஒரு சொம்புத் தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். இன்னொரு சொம்பை அப்படியே சொம்போடு வையுங்கள். எது முதலில் காயும் என்பது வற்றல் போட்ட யாருக்கும் தெரியும். ஏரி என்பது தட்டு.

ஆவியாதல் நடப்பது மேற்பரப்பில் மட்டுமே. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க 24 லட்சம் ஜூல், எட்டு மடங்கு வேண்டும். சித்திரை வெயிலுக்கும் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்கும் அந்த ஆற்றல் தாராளமாக உண்டு. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர்மட்டம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் நகத்தின் பாதியளவு. 25 சதுர கிலோமீட்டருக்கு அதைப் பெருக்கினால் நாளொன்றுக்கு 12 கோடி லிட்டரைத் தாண்டும். சென்னைக்கு அந்நாளில் வழக்கமாகத் தரப்பட்ட 83 கோடி லிட்டரில் ஏழில் ஒரு பங்கு, யாரும் குழாயைத் திறக்காமலேயே போய்விடுகிறது.

மட்டம் குறையக் குறைய ஏரி சுருங்கும். இழப்பின் மொத்த அளவும் குறையும். ஆனால் எஞ்சியிருக்கும் நீரின் ஆழம் குறைவதால் அது சீக்கிரம் சூடாகிறது, எஞ்சிய நீரில் மேலும் மேலும் பெரிய பங்கை ஒவ்வொரு நாளும் இழக்கிறது. வற்றும் ஏரி கடைசி சில வாரங்களில் ஓட்டமாக ஓடிக் காணாமற் போவதற்கு இதுதான் காரணம்.

வற்றுவதற்கென்றே ஒரு காலம்

இவ்வளவு நீரை வெயிலுக்குத் தாரைவார்க்கும் ஒன்றைப் பழைய ஆட்கள் ஏன் கட்டினார்கள்? அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் கோடைக்காக அதைக் கட்டவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். மதகு வழியே நீர் ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். தையில் அறுவடை. அதற்குப் பின் வெயில் உச்சத்தை எட்டும்போது ஏரியில் காப்பாற்ற வேண்டிய அளவுக்குத் தண்ணீரே இருக்காது. பெரும்பகுதி நெல்லாக மாறியிருக்கும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஏரி நிறைந்தால் கரை கசியும் என்றொரு பழமொழி உண்டு. அந்தக் கசிவை நம்பித்தான் கரைக்குக் கீழே கிணறுகள் வெட்டினார்கள். கோடையில் ஊர் குடித்தது ஏரியின் நீரை அல்ல, ஏரி மண்ணுக்குள் ஒளித்துவைத்த நீரை. நிலத்தடியில் வெயில் படாது.

வற்றிய ஏரியும் சும்மா கிடக்கவில்லை. சேற்றில் மீன்பிடி நடக்கும். உள்வாயில் மாடு மேயும். அடியில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக வெட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். அது இலவச உரம். அதோடு ஏரியின் வயிறும் தூர்ந்துபோகாமல் இருக்கும். தண்ணீர் நிற்கும்போது தூர்வார முடியாது. ஆகவே ஆண்டுக்கொருமுறை வற்றுவது ஏரிக்கு நேர்ந்த விபத்து அல்ல, அதன் பராமரிப்பு நாள்.

அளவுக்கு மீறிய வேலை

சென்னைக்கு முறையான குடிநீர் விநியோகம் 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து தொடங்கியது. அன்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாசன ஏரிகளுக்கு வேலை மாறியது. பூண்டி நீர்த்தேக்கம் மட்டும் குடிநீருக்காகவே 1944இல் கட்டப்பட்டது. மேற்கே நகரம் வளர்ந்தபோது செம்பரம்பாக்கத்தின் முறை வந்தது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007இல் அங்கே செயல்பாட்டுக்கு வந்தது.

நெல் நான்கு மாதம் தண்ணீர் கேட்கும். நகரம் 365 நாளும் கேட்கும். இந்த ஒரு வேறுபாடு ஏரியின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது.

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் கொள்ளளவு: பூண்டி 3,231, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கையும் கூட்டினால் 11,257 மில்லியன் கன அடி, பேச்சு வழக்கில் சுமார் 11 டிஎம்சி. நாளுக்கு 83 கோடி லிட்டர் என்ற கணக்கில் நான்கும் விளிம்பு வரை நிறைந்திருந்தால் 384 நாளுக்குப் போதும். செம்பரம்பாக்கம் மட்டும் என்றால் 124 நாள். வெயில் துளிகூடக் குடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வெயிலின் பங்கைக் கழித்தால் ஓராண்டுக்குக் குறைவு. ஒரு பருவமழை பொய்த்தால் அடுத்தது வரும்வரை தாங்க இருப்பு கிடையாது.

2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சென்னையில் வழக்கத்தைவிட 55 சதவீதம் குறைவாக மழை பெய்தது. ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் வர வேண்டும். ஏரிகள் அரைவயிற்றோடு 2019க்குள் நுழைந்தன. பூண்டி வழியாக இணைப்புக் கால்வாயில் கிருஷ்ணா நீரும் செம்பரம்பாக்கத்துக்கு வருவதுண்டு. 1983 ஒப்பந்தப்படி தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 12 டிஎம்சி. அந்த முழு அளவு ஒருமுறையும் வந்ததில்லை. பொய்த்த அந்தப் பருவத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஆறு மாதம் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. ஜூன் மாதம் நான்கு ஏரிகளிலும் சேர்த்து இருந்த நீர் கொள்ளளவில் 1 சதவீதத்துக்கும் கீழே போனது.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் நிலமும் முன்புபோல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று மேற்கே விரிந்தவை தொழிற்பேட்டைகள். தகரக் கூரையிலும் தார்ச் சாலையிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது, மளமளவென்று ஓடும். ஓடி வரும் வழியில் வரத்துக் கால்வாய் உடைந்தோ அடைபட்டோ இருந்தால் தாழ்வான தெருவில் தேங்கும், ஏரிக்கு வராது. சின்ன மழைகள் ஏரியை எட்டாமலே முடிந்துவிட, பெருமழை மட்டும் ஒரேயடியாக வந்து சேர்கிறது.

வெடித்த மண்ணுக்குள்

செய்தித்தாள்களில் அந்தக் கோடையில் அதிகம் அச்சான படம் பாளம் பாளமாக வெடித்த ஏரித்தரை. அந்தக் கோலத்துக்குப் பின்னால் எளிய இயற்பியல் ஒன்று இருக்கிறது.

வண்டலில் உள்ள களிமண் துகள்கள் தகடு போன்றவை. தகடுகளுக்கு நடுவே நீர் இருக்கும்வரை மண் உப்பியிருக்கும். மேற்பரப்பு காயும்போது அது சுருங்கப் பார்க்கிறது. அடியில் உள்ள மண் இன்னும் ஈரமாக இருப்பதால் சுருங்காமல் மேல் அடுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த இழுபறி தாங்க முடியாத அளவை எட்டும்போது மண் கிழிகிறது. முதன்முறை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு இன்னொன்றைச் செங்குத்தாகச் சந்திக்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காயும் மண்ணில் சந்திப்புகள் மெல்ல மெல்ல 120 டிகிரிக்கு நகர்ந்து, தேன்கூட்டின் அறைகளை நினைவூட்டும் அறுகோணங்களாகும். காயும் அடுக்கு தடிமனாக இருந்தால் பாளம் பெரிதாகும். கட்டியின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட அதிகம் சுருங்குவதால் விளிம்பு மேலே வளைகிறது.

அந்தப் பாளங்களுக்கு அடியில் உயிர் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை.

நீர் குறைந்து சூடாகும்போது முதலில் திணறுபவை கெண்டை வகை மீன்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமாகக் குறையும். இரவில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வந்து மிதக்கும். விராலுக்கு அந்தக் கவலை குறைவு. அதன் செவுளுக்கு மேலே காற்றை அடைத்து வைக்கத் தனி அறை உண்டு. மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுப் போகும். தேளிக்கும் உடலுக்குள் நீண்ட காற்றுப்பைகள் உண்டு. இரண்டும் சேற்றுக்குள் புதைந்து வெகுநாள் தாக்குப்பிடிக்கும். செவுள், நுரையீரல் இரண்டும் வைத்திருக்கும் குளத்து நத்தை, ஓட்டின் மூடியை இறுக்கி அடைத்துக்கொண்டு ஈர மண்ணுக்குள் உறங்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு நீர்ப்பூச்சிகளின் முட்டைகளும் கோரையின் கிழங்குகளும் அடுத்த மழைவரை காத்துக் கிடக்கும்.

இவை எல்லாம் ஆண்டுக்கொருமுறை வற்றும் நீர்நிலையில் வாழப் பழகிய உயிர்கள். பழைய ஏரியின் நாட்காட்டி அவற்றுக்குத் தெரியும். அந்த நாட்காட்டியை மறந்தது நகரம்தான்.

பள்ளத்தில் பிழைத்த நீர்

ஏரி வற்றியபோது, அதற்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் தண்ணீர் நின்றது. மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குவாரிகள் இருபதுக்கும் மேல் உண்டு. அகலம் குறைவு, ஆழம் அதிகம், அடியில் பாறை. வெயிலுக்குக் காட்டும் மேற்பரப்பு சிறிது. பக்கச் சுவர்களின் நிழல் வேறு. தட்டில் வைத்தது காய்ந்துபோக, சொம்பில் வைத்தது மிஞ்சியது. 2017 வறட்சியில் முதன்முதலாக அந்த நீரை எடுத்துச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட்டார்கள். 2019இல் மறுபடியும் அதே குழாய், நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர். ஏரிக்காகக் கட்டிய நிலையம் ஏரி இல்லாத நாளில் கல்குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்தது.

சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அடி வேறு விதமாக விழுந்தது. ஏரி காய்ந்ததும் கரைக்குக் கீழே கசிவு நின்றது. அதே நேரம் நகரத்துக்கான லாரிகள் புறநகர்க் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் தேடி வந்தன. உள்ளே போவது நின்று, வெளியே போவது கூடினால் நிலத்தடி நீர்மட்டம் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

நகரத்துக்கான விநியோகம் 83 கோடியிலிருந்து 52.5 கோடி லிட்டருக்குக் குறைக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது அந்த ஆண்டில்தான், கொரோனாவுக்கு முன்பே. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் முழுமூச்சாக ஓடின. 235 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் வந்துகொண்டிருக்கும் குழாய் கைகொடுத்தது.

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீர். மாலை போட்டு வரவேற்பு நடந்தது. குறைக்கப்பட்ட விநியோகத்திலும் அது இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறைந்த செம்பரம்பாக்கம் கோடையில் ஒரே நாளில் வெயிலுக்கு விட்டுக்கொடுப்பதை ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் இப்படி 51 ரயில் வேண்டும்.

இரண்டு அடி இடைவெளி

2015 வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, செம்பரம்பாக்கத்திலிருந்து நீர் திறக்கப்பட்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது; 2018இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தத் திறப்பு எப்படி நடந்தது என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, ஏரியின் பொறியாளருக்கு முன்னால் உள்ள சிக்கல் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. குடிநீருக்கு ஏரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதில் எப்போதும் காலியிடம் இருக்க வேண்டும். பாசன ஏரிக்கு இந்த நெருக்கடி இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. கோடையில் வெறுமையாகிவிடும் ஏரிக்குள் ஐப்பசியின் முதல் மழைக்குத் தானாகவே இடம் இருந்தது.

2019 வடகிழக்குப் பருவம் ஏரியைப் பாதி தேற்றியது. 2020 நவம்பரில் நிவர் புயல் கரையை நெருங்கியபோது அளவுகோலில் தண்ணீர் 22ஐத் தொட்டது. 24 வரை காத்திருக்கவில்லை. 22க்கும் 24க்கும் நடுவே உள்ள இரண்டு அடி ஏரியின் அகலமான மேல்பகுதி; அதில் அடங்கும் நீர் சென்னைக்குச் சுமார் 20 நாள் வரும். ஜூன் மாதமாக இருந்தால் அந்த 20 நாளுக்கு நகரம் எதையும் கொடுத்திருக்கும். நவம்பரில் அது வெறும் காற்றாக இருப்பதே நல்லது என்று முடிவாயிற்று.

சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று உபரி நீர் போகும் வழியில் உள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை போனது. நவம்பர் 25ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு மதகைத் தூக்கினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் திறப்பு, விநாடிக்கு 1,000 கன அடி. 2015இல் போனதோடு ஒப்பிட்டால் சிறு ஓடை. கடைசித் தண்ணீர் ரயில் வந்து ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாகியிருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் அடையாற்றை நோக்கி இறங்கியது 40 ரயில் தண்ணீர்.